சர்வேயரும் நாட்டாமையும்: வேளாண் சட்டக் கமிட்டி, ஒரு நிகழ்வு ஆய்வு

2022 மார்ச் 21 அன்று டெல்லியில் அனில் கன்வட் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு ஓர் அறிக்கையை வெளியிட்டார். ஒழுங்குமுறைச் சந்தைக்கு வெளியே வணிகம், ஒப்பந்தப் பண்ணையம், இருப்புக் கட்டுப்பாட்டுத் தளர்வு என 2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த மூன்று வேளாண் சட்டங்களை ஆராய உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவின் அறிக்கை அது. அதை எழுதிய மூவரில் அவரும் ஒருவர். முத்திரையிட்ட உறையில் நீதிமன்றத்திடம் கொடுத்து ஒரு வருடமும் இரண்டு நாளும் ஆகியிருந்தன. அறிக்கை எந்தச் சட்டங்களைப் பற்றியதோ அந்தச் சட்டங்களை நாடாளுமன்றம் ரத்து செய்து நாலு மாதம் ஆகப்போகிறது. பந்தி முடிந்து இலையும் எடுத்த பிறகு வந்த பாயசம். மறுநாள் செய்தித்தாள்களில் வந்தது, இரண்டு நாள் விவாதம் நடந்தது, அவ்வளவுதான்.

அந்தக் குழு ஏன் தோற்றது என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில் தயாராக இருக்கும்: உறுப்பினர்கள் ஏற்கெனவே சட்டங்களை ஆதரித்துப் பேசியவர்கள், எழுதியவர்கள், அதனால் விவசாயிகள் நம்பவில்லை. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2024-25-இல் நடந்த ஒன்றைப் பார்த்த பிறகு அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. அது என்ன என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

பேசுகிற நிபுணர்

குழுவில் இருந்தவர்களிலேயே வெளியுலகம் நன்கறிந்தவர் அசோக் குலாட்டி. 2001 முதல் பத்தாண்டுகள் சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனத்தில் இயக்குநராக இருந்தார். 2011-இலிருந்து 2014 வரை வேளாண் செலவு மற்றும் விலை ஆணையத்தின் தலைவர். குறைந்தபட்ச ஆதரவு விலையை அரசுக்குப் பரிந்துரைக்கிற நாற்காலி அது. அவர் அங்கே இருந்த காலத்தில்தான் நெல்லின் ஆதரவு விலை ஒரே ஆண்டில் குவிண்டாலுக்கு 1,080 ரூபாயிலிருந்து 1,250 ஆனது. 2015-இல் பத்மஸ்ரீ. பிறகு டெல்லியில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் பேராசிரியர், ஆங்கில நாளிதழில் தொடர் கட்டுரையாளர், தொலைக்காட்சி விவாதங்களில் தெரிந்த முகம்.

அவர் பல காலமாகச் சொல்லிவந்தது இதுதான். இந்திய அரசு நுகர்வோருக்காக விவசாயியின் கையைக் கட்டிப்போடுகிறது. வெங்காயம் விலை ஏறினால் ஏற்றுமதிக்குத் தடை; பருப்பு ஏறினால் வியாபாரியின் இருப்புக்கு உச்சவரம்பு. விலை விழும்போது மட்டும் யாரும் வருவதில்லை. இதற்கு அவர் ஒரு கணக்கும் வைத்திருந்தார். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பும் அவருடைய நிறுவனமும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 2000 முதல் 2016 வரை இந்திய விவசாயிக்குக் கிடைத்த நிகர ஆதரவு மொத்த வேளாண் வருவாயில் சராசரியாக மைனஸ் 14 சதவீதம். அதாவது உரமானியம், இலவச மின்சாரம் எல்லாம் கொடுத்த பிறகும், சந்தைக் கட்டுப்பாடுகளால் எடுத்துக்கொண்டதுதான் அதிகம். ஒரு கையால் வெல்லத்தைக் கொடுத்து மறுகையால் கரும்பையே பிடுங்கிக்கொள்வது.

இப்படிப் பேசுபவர், மூன்று சட்டங்கள் வந்தபோது வரவேற்காமல் எப்படி இருப்பார்? 1991-இல் தாராளமயத்தால் தொழில்துறைக்கு நடந்தது 2020-இல் விவசாயத்துக்கு நடக்கிறது என்று எழுதினார். அது அவருடைய இருபது ஆண்டு வாதத்தின் இயல்பான முடிவு. யாரோ சொல்லிக்கொடுத்து எழுதியதாக எனக்குப் படவில்லை. அதே 2020 செப்டம்பர் 14 அன்று, சட்டங்கள் நாடாளுமன்றத்துக்கு வந்த வாரத்திலேயே, அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டது. குலாட்டி அதைக் கண்டித்தும் எழுதினார். அக்டோபரில் வெங்காய இருப்புக்கு உச்சவரம்பும் வந்தது: மொத்த வியாபாரிக்கு 25 டன், சில்லறை வியாபாரிக்கு 2 டன். இருப்புக் கட்டுப்பாட்டைத் தளர்த்துகிறோம் என்று சட்டம் போட்ட மை காய்வதற்குள். ஆனால் இந்தக் கண்டனம் யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. 1991 என்ற ஒப்பீடுதான் நின்றது.

ஆறு சதவீதம்

இந்த விவகாரத்தின் சூட்சுமம் ஓர் எண்ணில் இருக்கிறது. இந்திய உணவுக் கழகத்தைச் சீரமைக்க ஹிமாச்சல் முன்னாள் முதல்வர் சாந்தா குமார் தலைமையில் மோடி அரசு ஒரு குழு போட்டது. 2015 ஜனவரியில் அறிக்கை வந்தது. ஆதரவு விலையில் அரசு முகமைகளிடம் விற்கும் விவசாயிகள் நாட்டில் 6 சதவீதம்தான் என்றது அது. அந்தக் குழுவிலும் குலாட்டி உறுப்பினர்.

இந்த ஆறை ஆளுக்கொரு விதமாகப் படித்தார்கள். குலாட்டியின் வாசிப்பு: மீதி 94 பேர் சந்தையை நம்பித்தான் பிழைக்கிறார்கள், ஆகவே சந்தையைச் சரிசெய்யுங்கள். சண்டிகரை மையமாகக் கொண்டு எழுதியும் பேசியும் வரும் தேவிந்தர் சர்மா இன்னொரு வேளாண் கொள்கை நிபுணர். குலாட்டிக்கு நேர் எதிர்முனை. அவருடைய வாசிப்பு: ஆறு பேருக்குக் கிடைப்பதை மீதி 94 பேருக்கும் கொடுங்கள், ஆதரவு விலையைச் சட்ட உரிமை ஆக்குங்கள். இருவரும் ஒரே எண்ணை மேடைக்கு மேடை சொன்னார்கள். தொலைக்காட்சியில் பார்ப்பவர், ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைத்திருப்பார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

பஞ்சாப் விவசாயிக்கோ மூன்றாவது வாசிப்பு. அவர் அந்த ஆறில் ஒருவர். கோதுமையும் நெல்லும் போடுகிறார், அரசு ஒழுங்குபடுத்தும் சந்தையான மண்டிக்குக் கொண்டுபோகிறார், அரசு ஆதரவு விலையில் எடுத்துக்கொள்கிறது. கொள்முதலுக்குப் பழக்கப்பட்ட பஞ்சாப், ஹரியானா போன்ற மாநிலங்களில் உணவுக் கழகம் பொறுப்பை மாநில அரசுகளிடம் விட்டுவிட்டுக் கிழக்கு மாநிலங்களுக்குப் போகட்டும் என்றும் சாந்தா குமார் குழு சொல்லியிருந்தது. அப்போதே அவர்கள் காதில் அபாயமணி அடித்துவிட்டது. ஐந்து வருடம் கழித்து மூன்று சட்டங்கள் வந்தபோது, அவற்றைத் தனியாக அவர்கள் படிக்கவில்லை. 2015 அறிக்கையின் தொடர்ச்சியாகப் படித்தார்கள். இரண்டிலும் குலாட்டியின் பெயர் எங்கோ இருந்தது.

நம் ஊர் வாசகருக்கு இந்த இடம் சட்டென்று பிடிபடாது. தமிழ்நாட்டில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் இருக்கின்றன. ஆனால் களத்துமேட்டுக்கே வரும் வியாபாரியிடம் விற்பதுதான் பல பயிர்களுக்கு வழக்கம். டெல்டாவில் நேரடி நெல் கொள்முதல் நிலையம், அதில் குவிந்த நெல் மழையில் நனைவது, இதெல்லாம் தெரியும். பஞ்சாப் மண்டி வேறு ஜாதி. அங்கே அப்போது கோதுமை, நெல்லுக்கு 3 சதவீதம் சந்தைக் கட்டணம், 3 சதவீதம் ஊரக வளர்ச்சிக் கட்டணம், ஆர்த்தியா என்கிற கமிஷன்காரருக்கு 2.5 சதவீதம், ஆக 8.5. அந்தக் கட்டணப் பணத்தில்தான் கிராமத்துச் சாலைகள் போடப்படுகின்றன. ஆர்த்தியா என்பவர் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுராத்திரியில் பணம் கொடுப்பவர். வட்டியும் கறாராக வாங்குபவர். திட்டிக்கொண்டே அவரை நம்பி வாழ்கிற உறவு.

புதிய வணிகச் சட்டம், மண்டிக்கு வெளியே யார் வேண்டுமானாலும் ஒரு பான் அட்டையை வைத்துக்கொண்டு கொள்முதல் செய்யலாம், அங்கே மாநில அரசு எந்தக் கட்டணமும் வாங்கக்கூடாது என்றது. தகராறு வந்தால் கோட்டாட்சியர் நிலையில் இருக்கும் அதிகாரியிடம் போகவேண்டும், உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. காகிதத்தில் இது விவசாயிக்குக் கூடுதல் வாசல். டெல்லியின் சிங்கு எல்லையில் போராட உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைக் கேட்டால் செல்போன் கதையைச் சொல்வார்: முதலில் இலவசமாக சிம் கார்டு கொடுத்தார்கள், எல்லோரும் போனோம், அரசு நிறுவனம் படுத்துவிட்டது, அப்புறம் கட்டணம் ஏறியது. போராட்டக் களத்தில் இந்த ஒப்பீடு வாய்க்கு வாய் ஓடியது. கட்டணம் இல்லாத வெளிச்சந்தை, கட்டணம் உள்ள மண்டியைக் காயவைக்கும். மண்டி காய்ந்தால் கொள்முதலும் காயும். 2006-லேயே மண்டிகளை நடத்தும் சந்தைக் குழுச் சட்டத்தை ரத்து செய்த பிஹாரில் நெல் ஆதரவு விலைக்கு வெகு கீழே விற்றுக்கொண்டிருந்ததை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். பிஹார் நெல் லாரியேறி பஞ்சாப் மண்டிக்கே வரும்.

இந்தப் பயத்துக்கு மைனஸ் 14 சதவீதக் கணக்கு பதில் ஆகாது. அந்தக் கணக்கு தேசத்தின் சராசரி. குலாட்டி சராசரி விவசாயியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எதிரே டிராக்டரில் உட்கார்ந்திருந்தவர் சராசரி விவசாயி அல்ல.

ஜனவரி 12

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூன் 5 அன்று, கொரோனா ஊரடங்கு காலத்தில், மூன்றும் அவசரச் சட்டங்களாக வந்தன. செப்டம்பரில் மசோதாக்கள் நிறைவேறின. மாநிலங்களவையில் 20-ஆம் தேதி அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பு. அகாலிதளத்தின் ஹர்சிம்ரத் கவுர் அமைச்சர் பதவியை விட்டார். நவம்பர் 26 அன்று டெல்லி நோக்கிப் புறப்பட்டவர்கள் சிங்கு, டிக்ரி, காஜிபூர் எல்லைகளில் உட்கார்ந்துவிட்டார்கள். அரசுடன் சுற்றுச்சுற்றாகப் பேச்சுவார்த்தை நடந்தது. முடிவில்லை.

டிசம்பர் 17 அன்றே உச்ச நீதிமன்றம் ஒரு சுயேச்சையான குழு யோசனையைச் சொன்னது. அன்று தலைமை நீதிபதி பாப்டே உதாரணமாகச் சொன்ன பெயர், கிராமங்களைப் பற்றி எழுதும் பத்திரிகையாளர் பி. சாய்நாத். ஜனவரி 11 விசாரணையில் முன்னாள் தலைமை நீதிபதி சதாசிவத்தைக் கேட்டதாகவும், இந்தி புரியாது என்பதால் அவர் மறுத்துவிட்டதாகவும் சொன்னார். பவானிக்காரரான சதாசிவம் சிங்குவில் போய் உட்கார்ந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று சும்மா யோசித்துப் பார்க்கலாம். மறுநாள் வந்த பட்டியலில் சாய்நாத்தும் இல்லை, எந்த நீதிபதியும் இல்லை.

ஜனவரி 12 உத்தரவு சட்டங்களை நிறுத்திவைத்தது. நான்கு பேர் குழு அமைத்தது: குலாட்டி; வேளாண் பொருளாதார அறிஞர் பிரமோத் குமார் ஜோஷி; மகாராஷ்டிரத்தின் ஷேத்கரி சங்கட்டனா தலைவர் அனில் கன்வட்; பஞ்சாபிலிருந்து பாரதிய கிசான் யூனியனின் ஒரு பிரிவுத் தலைவர் பூபிந்தர் சிங் மான். சட்டங்களை நீர்க்கச் செய்தால் உலகச் சந்தை வாய்ப்புகளை இழப்போம் என்று ஜோஷி முந்தைய மாதம்தான் எழுதியிருந்தார். மான் தலைமையிலான அமைப்பினர் அதே டிசம்பரில் வேளாண் அமைச்சர் தோமரைப் பார்த்து, சில திருத்தங்களோடு சட்டங்கள் இருக்கட்டும் என்று மனுக் கொடுத்திருந்தார்கள்.

கன்வட்டின் கதை தனி. அவர் அமைப்பைத் தொடங்கிய சரத் ஜோஷி, அஞ்சல் துறை அதிகாரியாக இருந்து சுவிட்சர்லாந்தில் பணியாற்றிவிட்டு, 1977-இல் புனே அருகே சாகன் பக்கம் நிலம் வாங்கி விவசாயம் செய்ய வந்தவர். 1980-இல் வெங்காய விலைக்காகச் சாலையை மறித்தார். ஆனால் அவர் கேட்டது மானியமோ தள்ளுபடியோ அல்ல, அரசு சந்தையிலிருந்து வெளியேற வேண்டும் என்பதுதான். அந்த மரபில் வந்தவருக்கு மூன்று சட்டங்களும் நாற்பது வருடக் கோரிக்கையின் பாதி நிறைவேற்றம். கன்வட் அரசின் ஆள் என்று சிங்குவில் சொன்னார்கள். வெங்காயம் விளையும் நாசிக்கில் போய் அப்படிச் சொன்னால் சிரித்திருப்பார்கள். விவசாயி என்று ஒரே ஜாதி கிடையாது. வெங்காயக்காரர் வேறு, கோதுமைக்காரர் வேறு.

உத்தரவைத் திரும்பப் படித்தபோது எனக்குக் கண்ணில் பட்டது உறுப்பினர் பெயர்கள் அல்ல. அந்தக் குழுவுக்கு நீதிமன்றம் கொடுத்த வேலை. விவசாய அமைப்புகளுக்கும் மத்திய அரசுக்கும் இடையே பேச்சுவார்த்தை நடத்த வேளாண் நிபுணர்கள் அடங்கிய குழு அமைத்தால் சுமுகச் சூழல் உருவாகலாம், விவசாயிகளின் நம்பிக்கை கூடலாம் என்கிறது உத்தரவு. நிபுணர்கள், ஆனால் பேச்சுவார்த்தை நடத்த.

கிராமத்தில் வரப்புத் தகராறு வந்தால் இரண்டு ஆட்கள் வேண்டும். ஒருவர் சர்வேயர். சங்கிலி பிடித்து அளந்து, கல் எங்கே இருக்கவேண்டும் என்று சொல்வார். அவரை இரண்டு தரப்புக்கும் பிடிக்கவேண்டியதில்லை, அளவு சரியாக இருந்தால் போதும். இன்னொருவர் பஞ்சாயத்தில் உட்காரும் பெரிய மனிதர். அவருக்கு அளக்கத் தெரியவேண்டியதில்லை. அவர் சொன்னால் இரண்டு பங்காளிகளும் எழுந்து போகவேண்டும், அது ஒன்றுதான் தகுதி. ஜனவரி 12 அன்று நடந்தது, சர்வேயரை நாட்டாமை நாற்காலியில் உட்காரவைத்தது.

அறிவிப்புக்கு முந்தைய இரவே, அதாவது உறுப்பினர் யார் என்று யாருக்கும் தெரியாத ஜனவரி 11 அன்றே, போராடும் சங்கங்களின் கூட்டமைப்பான சம்யுக்த கிசான் மோர்ச்சா அறிக்கை விட்டுவிட்டது: உச்ச நீதிமன்றம் எந்தக் குழுவை அமைத்தாலும் அதன் முன் போகமாட்டோம், எங்களுக்குப் பேச்சு அரசோடுதான். சங்கங்களின் மூத்த வழக்கறிஞர்கள் மறுநாள் விசாரணைக்கே வரவில்லை. பெயர்கள் வெளியானதும் 'பாரபட்சம்' என்ற வாதம் கிடைத்தது, அது வலுவாகவும் இருந்தது, ஊடகங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. தேதியைப் பாருங்கள். மறுப்பு முதலில், காரணம் அப்புறம்.

இரண்டாம் நாளே மான் விலகிவிட்டார். பஞ்சாபுக்கும் விவசாயிகளுக்கும் எதிராகப் போகமாட்டேன், எந்தப் பதவியையும் விடத் தயார் என்றார். நால்வரில் பஞ்சாப் கிராமத்துக்குத் திரும்பிப் போகவேண்டியவர் அவர் ஒருவர்தான். அடுத்த வாரம் தலைமை நீதிபதி கோபப்பட்டார்: கருத்துச் சொன்னதாலேயே ஒருவர் குழுவில் இருக்கத் தகுதியில்லாமல் போய்விடுவாரா, தீர்ப்புச் சொல்லும் அதிகாரமே இல்லாத குழுவில் பாரபட்சம் எங்கிருந்து வந்தது, வர விருப்பமில்லை என்றால் வராதீர்கள், உறுப்பினர்கள் மேல் சேற்றை வாரி இறைக்காதீர்கள் என்ற பொருளில். சர்வேயரைப் பொறுத்தவரை அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

3.3 கோடி

மூவர் குழு ஜனவரி 19 அன்று கூடியது. இரண்டு மாதத்தில் வேலையை முடித்தது. சொன்ன கெடுவில் அறிக்கை கொடுத்த அரசுக் குழுக்கள் நம் நாட்டில் எத்தனை என்று எண்ணினால், இதற்காகவே ஒரு சபாஷ் போடலாம். இதற்கிடையே ஜனவரி 20-இல் சட்டங்களைப் பதினெட்டு மாதம் நிறுத்திவைக்கிறோம் என்று அரசு இறங்கிவந்தது, சங்கங்கள் மறுத்தன. 26-ஆம் தேதி விவசாயிகளின் டிராக்டர் பேரணியில் செங்கோட்டையில் கொடி ஏறியது, கலவரம் ஆனது. மூவரும் பெரும்பாலும் காணொலியில் சங்கங்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார்கள்.

266 விவசாய அமைப்புகளை அழைத்தார்கள். 73 அமைப்புகள் பேசின. அவை 3.83 கோடி விவசாயிகளின் பிரதிநிதிகள் என்கிறது அறிக்கை. அதில் 3.3 கோடி பேரின் சார்பாக 61 அமைப்புகள் சட்டங்களை முழுதாக ஆதரித்தன. 51 லட்சம் பேரின் சார்பாக நான்கு அமைப்புகள் எதிர்த்தன. ஏழு அமைப்புகள் திருத்தத்தோடு ஆதரவு. இணையதளத்தில் வந்த 19 ஆயிரத்துக்கு மேற்பட்ட கருத்துகளிலும் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு. ஆகவே சட்டங்களை ரத்து செய்வதோ நெடுநாள் முடக்கிவைப்பதோ இந்த 'மௌனப் பெரும்பான்மை'க்குச் செய்யும் அநீதி என்று முடித்தார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு அறிக்கையோடு சண்டை. குலாட்டியும் ஜோஷியும் வாழ்நாள் முழுக்க மாதிரிக் கணக்கெடுப்போடு பழகியவர்கள். ஒரு கல்லூரி மாணவர் இந்த மாதிரி ஒரு கணக்கைக் கொண்டுவந்திருந்தால் அவர்களே திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஓர் அமைப்பு எத்தனை விவசாயிகளின் பிரதிநிதி என்பதை எப்படி எண்ணுவது? சந்தாப் புத்தகத்தைப் பார்த்தா, தலைவரின் வாய்ச்சொல்லை வைத்தா? டெல்லி எல்லையில் உட்கார்ந்திருந்த நாற்பது சங்கங்கள் கூப்பிட்டும் வரவில்லை. எதிர்ப்பவர்கள் வராத கூட்டத்தில் கைதூக்கச் சொன்னால் ஆதரவு எப்படி இருக்கும்? இணையதளத்தில் படிவம் நிரப்புகிற விவசாயி யார் என்ற கேள்வியும் உண்டு. ஆளை எண்ணுவது நிபுணர் வேலையே அல்ல, அது தேர்தலின் வேலை. தாங்கள் நன்றாகச் செய்யக்கூடியதை விட்டுவிட்டு, நாட்டாமை நாற்காலிக்கு ஏற்ற மாதிரி ஊர் என்ன சொல்கிறது என்று சொல்லப் போனார்கள்.

நன்றாகச் செய்ததும் அதே அறிக்கையில் இருக்கிறது. சட்டங்களை எப்படி வடிவமைத்து அமல்படுத்துவது என்பதில் மாநிலங்களுக்கு நெகிழ்வு கொடுங்கள் என்றார்கள். விவசாயம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது; பஞ்சாபுக்கும் மகாராஷ்டிரத்துக்கும் ஒரே சட்டை பொருந்தாது. இதை 2020 மே மாதத்தில் யாராவது மேசையில் வைத்திருந்தால், மகாராஷ்டிரம் ஒரு வழியில் போயிருக்கும், பஞ்சாப் தன் மண்டியை வைத்துக்கொண்டிருக்கும். ஒப்பந்தப் பண்ணையத்துக்கு 2019-லேயே தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டுவிட்டது, சத்தமே இல்லை. அதே தமிழ்நாட்டுப் பேரவை 2021 ஆகஸ்ட் 28 அன்று மூன்று மத்தியச் சட்டங்களை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. இடையில் ஆட்சி மாறியது உண்மைதான். இருந்தாலும் தானே போட்ட சட்டத்துக்கும் டெல்லியிலிருந்து வந்த சட்டத்துக்கும் ஒரு மாநிலம் ஒரே மாதிரி முகம் காட்டுவதில்லை.

மார்ச் 19 அன்று அறிக்கை உறைக்குள் போனது. அதோடு சரி. நீதிமன்றம் அதைத் திறந்து விசாரிக்கவில்லை. செப்டம்பர் 1 அன்று கன்வட் தலைமை நீதிபதி ரமணாவுக்குக் கடிதம் எழுதினார்: விவசாயிகள் இன்னும் சாலையில் இருக்கிறார்கள், அறிக்கையை வெளியிடுங்கள். பதில் இல்லை. பொதுவெளியில் பேசியே பெயர் எடுத்த நிபுணர்களை, பேசவே முடியாத ஓர் உறைக்குள் போட்டு ஒட்டியாகிவிட்டது. நவம்பர் 19, குருநானக் ஜெயந்தி காலையில், பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி சட்டங்களைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். 29-ஆம் தேதி இரு அவைகளும் விவாதமின்றி ரத்து மசோதாவை நிறைவேற்றின. 700 பேருக்கு மேல் போராட்டத்தில் இறந்தார்கள் என்பது சங்கங்களின் கணக்கு. கன்வட் ஆத்திரத்தில், சீர்திருத்தம் வேண்டும் என்று கேட்க ஒரு லட்சம் விவசாயிகளை நானும் டெல்லிக்கு அழைத்துவருவேன் என்றார்.

எதிர்முனை நிபுணர் உள்ளே வந்தபோது

ரத்துக்குப் பிறகு, 2022 ஜூலையில், ஆதரவு விலை பற்றி ஆராய மத்திய அரசு முன்னாள் வேளாண் செயலர் சஞ்சய் அகர்வால் தலைமையில் குழு போட்டது. சம்யுக்த கிசான் மோர்ச்சாவுக்கு மூன்று இடம் ஒதுக்கினார்கள். அவர்கள் பெயரே கொடுக்கவில்லை. மற்ற விவசாயப் பிரதிநிதிகள் எல்லாம் சட்டங்களை ஆதரித்தவர்கள் என்றார்கள். அதுவரை பழைய விளக்கமே போதும்.

2024 பிப்ரவரியில் ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் கேட்டு இன்னொரு டெல்லிப் பயணம் கிளம்பியது. பஞ்சாபிலிருந்து வரும் வழியில் ஷம்பு எல்லையை ஹரியானா அரசு அடைத்தது. அந்த மாதம்தான் எம்.எஸ். சுவாமிநாதனுக்குப் பாரத ரத்னா அறிவித்திருந்தார்கள். சாகுபடிச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் சேர்த்து ஆதரவு விலை வேண்டும் என்று அவருடைய ஆணையம் 2006-இல் சொன்னதைத்தான் எல்லையில் நின்றவர்கள் கேட்டார்கள். 2015-இல் அப்படிக் கொடுத்தால் சந்தை சீர்குலையும் என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்ன அதே அரசு அவருக்கு விருது கொடுத்தது. டெல்லியில் நடந்த பாராட்டு விழாவில் அவர் மகள், பொருளாதாரப் பேராசிரியர் மதுரா சுவாமிநாதன், உணவு தருபவர்களைக் குற்றவாளிகள் போல நடத்தக்கூடாது, அவர்களோடு பேசவேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஷம்பு வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2024 செப்டம்பர் 2 அன்று மீண்டும் ஒரு குழு. இந்த முறை தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி நவாப் சிங். உறுப்பினர்களில் தேவிந்தர் சர்மா இருந்தார்! பஞ்சாப் விவசாயத்தை ஆராய்ந்த பேராசிரியர்கள் ரஞ்சித் சிங் குமன், சுக்பால் சிங் இருந்தார்கள். 2021-இல் சங்கங்கள் சொன்ன குறை எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. தலைமைக்கு நீதிபதி, பஞ்சாபை அறிந்த பேராசிரியர்கள், மேடைதோறும் ஆதரவு விலைக்காக வாதாடிய நிபுணர். நவம்பரில் நீதிமன்றத்தில் கொடுத்த இடைக்கால அறிக்கையிலும், ஆதரவு விலைக்குச் சட்ட அங்கீகாரம் தருவதைத் தீர்வுகளில் ஒன்றாகச் சொன்னார்கள்.

2025 ஜனவரி 3 அன்று வந்து பேசும்படி இந்தக் குழு சம்யுக்த கிசான் மோர்ச்சாவை அழைத்தது. வரமுடியாது என்று பதில் வந்தது. எங்கள் கோரிக்கை கொள்கை சார்ந்தது, அதை மத்திய அரசோடுதான் பேசுவோம், நீதிமன்றத் தலையீட்டைக் கேட்கவில்லை என்றார்கள். 2021 ஜனவரி 11 இரவு சொன்னதிலிருந்து பெரிதாக எதுவும் மாறவில்லை. ஷம்புவில் இருந்தது தாங்கள் அல்ல, வேறு அணி என்பதும் அவர்கள் பக்கத்து நியாயம். ஆனாலும் தேவிந்தர் சர்மா உட்கார்ந்திருக்கும் அறைக்குக்கூட அவர்கள் வரவில்லை என்றால், குலாட்டியின் பழைய கட்டுரைகள் மேல் பழியைப் போட்டு எவ்வளவு தூரம் போகமுடியும்?

அந்த அணியின் தலைவர் ஜக்ஜித் சிங் தல்லேவால் அப்போது பஞ்சாப்-ஹரியானாவின் இன்னொரு எல்லையான கனவுரியில் நவம்பர் 26 முதல் உண்ணாவிரதத்தில் இருந்தார். ஜனவரி 6 அன்று குழுவே அவரைத் தேடிப் போனது. நாற்பது நாளுக்கு மேல் சாப்பிடாதவரின் கட்டிலைச் சுற்றி நின்று, மருத்துவ உதவியையாவது ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். ஆதரவு விலையைப் பற்றி அவருக்கு எடுத்துச்சொல்ல அவர்களிடம் புதிதாக ஒன்றும் இல்லை. அந்த விஷயத்தில் அவர்கள் கட்சியும் அவர் கட்சியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவர் கேட்டது டெல்லியிலிருந்து வரவேண்டிய ஒரு பதிலை. அதை அவர்களால் கொடுக்க முடியவில்லை.

2025 மார்ச் 19 அன்று, சண்டிகரில் மத்திய அமைச்சர்களைச் சந்தித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த தலைவர்களைப் பஞ்சாப் போலீஸ் பிடித்தது. அன்றிரவே ஷம்பு, கனவுரிக் கூடாரங்கள் பிரிக்கப்பட்டன. நான்கு வருடத்துக்கு முன் இதே தேதியில்தான் மூவர் குழு தன் உறையை ஒட்டிக் கொடுத்தது.